கிணறு மட்டும் பொது

பேய், முனி, காத்துக்கருப்பு என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்களும் எழுந்து போய்விடக் கூடும், போனால் தப்பில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். என் பிழைப்பு நெட்வொர்க் வேலை. திண்டுக்கல்லில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு எங்கெங்கோ இருக்கிற அலுவலகங்களின் ரூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது, எந்தக் கோளாறுக்கும் காரணம் உண்டு என்பதுதான். ஒன்று கேபிள், இல்லையென்றால் கரண்ட், இரண்டும் இல்லையென்றால் எவனோ ஒரு மனுஷன் கை வைத்திருப்பான். இந்த மூன்றுக்கு வெளியே எதுவும் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கதை என்றால் அமாவாசை, நடுச்சாமம், நாய் ஊளை என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு சாப்பிட்டுக் கழுவிய கை ஈரம் காயவில்லை, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தூக்கக் கலக்கம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், அதை என் ஆபீஸ் நண்பர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

என் மனைவி செல்விக்குப் பக்கத்து ஊரான அகரம்தான் தாய்வீடு. அவளுக்கு இரண்டு அண்ணன்கள், பெரியவர் முருகேசன், சின்னவர் பாண்டி. சம்பங்கி, தென்னை, ஒரு ஓரத்தில் கத்தரி, இதுதான் விவசாயம். மாமனார் இருந்தவரை எல்லாரும் ஒரே உலையில் சாப்பிட்டார்கள். அவர் போன மறுவருஷமே நிலத்தைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள், கூடத்துக்கு நடுவில் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி ஒரு சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரைப் பூசக்கூட இல்லை, யார் பூசுவது என்பதில் தனித் தகராறு. அத்தோடு பேச்சு நின்றுபோனது.

பேச்சு நின்றது என்றால் அடியோடு நிற்கவில்லை, அதுதான் வேடிக்கை. இருவரும் வேப்பமரத்தடியில் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள், பெரியவர் என்னைப் பார்த்து, "மாப்ள, மடையத் தொறந்தா மூடணும்னு அந்தாளுகிட்ட சொல்லுங்க" என்பார். சின்னவரும் என்னைப் பார்த்தே அதற்குப் பதில் சொல்வார். நான் திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியம்கூடக் கிடையாது, நடுவில் மூன்றாவதாக ஒரு தலை இருந்தால் போதும், நான் இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டிருப்பேன்.

எனக்குச் சிரிப்பாக இருந்தாலும் செல்விக்கு அது பெரிய துக்கம். எங்கள் மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், இரண்டு மாமன் இருக்கும்போது ஒருவர் மடியில் வைத்தால் இன்னொருவர் ஆயுசுக்கும் எங்கள் வீட்டுப் படி மிதிக்க மாட்டார். இரண்டு பேரும் ஒரே பந்தலுக்குள் வந்து உட்காரட்டும், அதுவரைக்கும் பிள்ளை காது சும்மா இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். மகள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் தோடு போட்டுக்கொண்டு திரிய, எங்கள் வீட்டுப் பிள்ளை மட்டும் வெறுங்காதோடு திரிந்தது.

எங்கள் பக்கம் பாகப்பிரிவினையில் எதைப் பிரித்தாலும் கிணற்றைப் பிரிக்க மாட்டார்கள். கிணறும் அதற்குப் போகிற பாதையும் பொது, தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்ள வேண்டும், பத்திரத்திலேயே அப்படித்தான் எழுதுவார்கள். இவர்கள் பத்திரத்திலும் அப்படித்தான் இருந்தது. மாமனார் காலத்தில் மோட்டார் போடுவதற்கு முன்னால் அவர் பம்ப்செட் ரூம் வாசலில் நின்று கிணற்றுப் பக்கம் திரும்பி ஒரு சத்தம் கொடுப்பாராம், உள்ளே யாராவது குளித்துக்கொண்டிருந்தால் மேலே ஏறி வரட்டும் என்பதற்காக. ஆளே இல்லாத நாளிலும் கொடுப்பாராம். செல்வி எங்கள் வீட்டில் மிக்ஸி போடும்போது குரலைக் கட்டையாக்கிக்கொண்டு "மோட்டார் போடப் போறேன்" என்று சொல்லி மகளைச் சிரிக்க வைப்பாள். அவர் போன பிறகு போனிலேயே மோட்டார் போடுகிற வைஃபை பெட்டி வந்துவிட்டது, காப்பர் வயரைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று பம்ப்செட் ரூம் வாசலில் போனிலிருந்து பேச ஸ்பீக்கர் வைத்த கேமரா ஒன்றும் வந்துவிட்டது. அதற்கப்புறம் யாரும் கிணற்றடியில் நின்று சத்தம் கொடுக்கவில்லை.

இனி ரூட்டர் கதை. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஒரே ஒரு ஃபைபர் கேபிள்தான் வருகிறது, ஆனால் அதில் ஆளுக்கொரு இன்டர்நெட் கணக்கு வைத்திருந்தார்கள். ரூட்டர் ஒன்று. அதை யார் பக்கம் வைப்பது என்று சண்டை வந்து, கடைசியில் நடுச்சுவரில் ஒரு கல்லை உருவிவிட்டு அந்தப் பொந்துக்குள் வைத்தார்கள். ஒருநாள் பெரிய மச்சானின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சின்ன மச்சான் தன் போனில் ஒரு வீடியோவைப் பார்த்திருக்கிறார், எதையோ தொட்டுவிட்டார் போலிருக்கிறது, அது சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டு டிவியில் ஓட ஆரம்பித்துவிட்டது. மூல வியாதிக்குக் கைவைத்தியம். வந்தவர்கள் கேசரியை வைத்துவிட்டார்கள். வேண்டுமென்றேதான் செய்தான் என்று பெரியவரும், என் போனை ஒட்டுப் பார்க்கிறார்கள் என்று சின்னவரும் குதித்தார்கள், என்னைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்தார்கள்.

நான் பெருமையாக லேப்டாப்பைத் திறந்தேன். ரூட்டருக்குள் இன்டர்ஃபேஸ் குரூப்பிங் என்று ஒரு பக்கம் உண்டு. பின்னால் கேபிள் செருகுகிற நான்கு துளைகளையும் உள்ளே இருக்கிற வைஃபை பெயர்களையும் வெளியிலிருந்து வருகிற இணைப்புகளையும் நம் இஷ்டத்துக்குக் கட்டுக்கட்டாகப் பிரிக்கலாம். ஒரு குரூப்பில் இருப்பது இன்னொரு குரூப்பில் இருப்பதைப் பார்க்காது, அதனுடன் பேசாது, அப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பெட்டிக்குள்ளே ஒரு சுவர் என்று விளக்கினேன். இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள், பேச்சு நின்ற பிறகு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும், அதுதான் எங்கள் பக்கத்து முறை. ரூட்டருக்கும் அந்த முறையே வேண்டும் என்றார்கள், நம்பினால் நம்புங்கள். பெரிய மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்து நிலம் அளக்கிற முகத்தோடு முதல் இரண்டு துளை ஒரு பங்கு, கடைசி இரண்டு துளை ஒரு பங்கு என்று வைத்தார். சின்ன மச்சான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரூட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விளக்கெல்லாம் எரிகிறதா என்று பார்த்து, கடைசி இரண்டை எடுத்துக்கொண்டார். குரூப்புக்கு நான் வைத்த பெயர் அண்ணன், தம்பி.

மிச்சம் ஒரு வைஃபை இருந்தது. மோட்டார் பெட்டியும் கேமராவும் அதில்தான் இருந்தன. அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்றதும் இருவர் முகமும் மாறிவிட்டது.

"கெணத்த அந்தப் பக்கம் போட்டுறாதீங்க மாப்ள, நாளைக்கு என்னுதுன்னு சொல்லிருவாக" என்றார் சின்னவர், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"பத்திரத்துல பொதுன்னுதான இருக்கு. இதுலயும் பொதுவாவே கெடக்கட்டும்னு சொல்லுங்க" என்றார் பெரியவர்.

எந்தப் பங்கிலும் சேராமல் மிஞ்சுவது டிஃபால்ட் என்கிற குரூப்பில் கிடக்கும். ஆனால் வெளி இணைப்பு இரண்டையும் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள், டிஃபால்ட்டுக்கு இன்டர்நெட்டே கிடையாது. பத்திரத்தில் பொது என்றால் இருவருக்கும் உண்டு, ரூட்டரில் பொது என்றால் இருவருக்கும் இல்லை, உங்கள் இரண்டு போனிலும் மோட்டார் வராது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவனுக்கு இல்லையென்றால் எனக்கும் வேண்டாம் என்பதுதான் இருவருக்கும் பதில். முறை நேரமெல்லாம் பெட்டியிலேயே பதிந்திருக்கிறது, அது பாட்டுக்கு ஓடட்டும், அவசரமென்றால் பம்ப்செட் ரூமைத் திறந்து கையால் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பம்ப்செட் ரூம் சாவி பெரியவர் கூடத்தில் ஆணியில் தொங்கியது.

சேமித்துவிட்டுச் சோதித்தேன். இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் குரூப்பிலிருந்து கேமராவைக் கூப்பிட்டேன், வரவில்லை. தம்பி குரூப்பிலிருந்து கூப்பிட்டேன், வரவில்லை. என் சொந்த சிம்மிலிருந்து வெளி வழியாகக் கூப்பிட்டேன், அப்போதும் வரவில்லை. அந்தக் கேமரா வழியாக இனி யாரும் பார்க்கவோ பேசவோ முடியாது என்பதை நான் என் கையாலேயே உறுதி செய்தேன்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு ஒரு அமைதிக்கேடு. வேலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. இரண்டு சாமான் கரண்ட்டும் வைஃபையும் வாங்கிக்கொண்டு, உயிரோடு, ஆனால் யாருக்கும் எட்டாமல் அங்கே கிடக்கின்றன என்ற நினைப்பு செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குத் தோதாக போன் வர ஆரம்பித்தது. முறை இல்லாத நேரத்தில் மோட்டார் ஓடுகிறதாம். என் முறையில் அவன் கை வைக்கிறான் என்று பெரியவர், என் தண்ணீரை அவர் திருடுகிறார் என்று சின்னவர். இருவராலும் அதைத் தொடவே முடியாது என்று நான் சொன்னால் நம்புவாரில்லை. ஒரு தடவை பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது வெட்டுக்குத்துல போய் முடிஞ்சிரும் போலருக்கு மாப்ள, என்னால கையக் கட்டிக்கிட்டு இருக்க முடியல" என்றார். பேச்சுக்குச் சொன்ன மாதிரி இல்லை. நான் செல்வியிடம் சொன்னேன், அவள் அடுப்பை அணைத்தாள். யார் திட்டினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை போய் அந்தக் கிணற்றை ஏதாவது ஒரு வழி பண்ணிவிட்டு வாருங்கள் என்றாள்.

போனேன். பெரிய மச்சான் ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் சின்னாளபட்டி போயிருந்தார். பெரியக்கா, அதாவது அவர் மனைவி, கறிக்குழம்பும் தொட்டுக்கொள்ள இரண்டு வெஞ்சனமும் வைத்துச் சாப்பாடு போட்டார்கள். இங்கே சாப்பிட்டது தெரிந்தால் அங்கேயும் சாப்பிட வேண்டும் என்பதால் அரை வயிற்றோடு எழுந்தேன். கரண்ட் காலையிலிருந்தே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. லேப்டாப்பை விரித்தேன், அண்ணன் இல்லாதபோது தம்பி சம்மதமாவது வேண்டுமே என்று எழுந்தேன், கூடத்துக்குள் வழி இல்லாததால் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

சின்னக்கா மட்டும் இருந்தார்கள். சின்ன மச்சான் எங்கே என்றேன். கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறார், மோட்டார் சல்லடையில் குப்பை அடைத்துக்கொண்டு தண்ணீர் நூலாக வருகிறது, அதை எடுத்துவிட்டு வருகிறேன் என்று போனார் என்றார்கள்.

"ஃப்யூஸப் புடுங்கிட்டாரா?" என்று கேட்டேன்.

"சாவி அங்கயில்ல கெடக்கு, அத எப்படித் தம்பி போய்க் கேப்பாரு? அடுத்த மொற அஞ்சு மணிக்குத்தான், அதுக்குள்ள ஏறிருவேன்னுட்டுப் போனாரு."

சாவி, நான் சாப்பிட்ட இடத்துக்கு நேர் மேலே ஆணியில் தொங்கியது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெரியக்கா எடுத்துக் கொடுத்திருப்பார்கள். கேட்கமாட்டார். தண்ணீருக்குள் இறங்குகிற மோட்டார் வயரில் ஒரு பழைய ஒட்டு வேறு இருந்தது, டேப் சுற்றியது, மாற்ற வேண்டும் என்று இருவருக்கும் தெரியும், பொதுச் சாமான் என்பதால் இருவருமே கை வைக்கவில்லை.

அப்போதுதான் தலைக்கு மேலே நின்றிருந்த ஃபேன் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. அந்த மோட்டார் பெட்டி மணி என்ன என்பதை இன்டர்நெட்டைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். டிஃபால்ட்டில் இன்டர்நெட் இல்லை. கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது மணி தெரியாமல் கண் விழிக்கிறது, வாய்க்கு வந்த ஒரு நேரத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கிறது. முறை தவறி மோட்டார் ஓடியதற்கு அண்ணனும் காரணமில்லை, தம்பியும் காரணமில்லை. அதற்கு அஞ்சு மணி எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

ஓடினேன். சாவியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. சம்பங்கித் தோட்டத்து வரப்பில் செருப்பு ஒன்று கழன்றுபோனது. கத்த வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. கிணறு கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்தபோது பம்ப்செட் ரூம் பக்கமிருந்து ஸ்பீக்கர் கரகரப்பது கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அப்புறம் ஒரு குரல், அவசரமே இல்லாமல், தினமும் சொல்கிற வார்த்தையைச் சொல்கிற மாதிரி வந்தது.

"மோட்டார் போடப் போறேன்."

அதற்கு மேலும் ஏதோ சொன்னது, தென்னை ஓலைச் சத்தத்தில் எனக்கு அது பிடிபடவில்லை. நான் நின்றுவிட்டேன். ஒரு ஆள் சாகக் கிடக்கும்போது எப்படி நின்றாய் என்று கேட்பீர்கள், என் கால் நின்றுவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கேமரா வழியாகப் பேச உலகத்தில் யாராலும் முடியாது, அதைப் பூட்டியவனே நான்தானே, அப்படியானால் இது யார் என்று மனசு அதிலேயே முட்டிக்கொண்டு நின்றது.

பிறகு மோட்டார் ஓடியது. குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தொட்டியில் தண்ணீரைக் கொட்டியது. நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். செல்வியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் என் நினைப்பில் இருந்தது, வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அப்போது கிணற்றுச் சுவர் மேல் ஒரு கை தெரிந்தது.

சின்ன மச்சான் இரும்புப் படியில் ஏறி வந்து சுவர் மேலேயே உட்கார்ந்தார். உடம்பெல்லாம் சேறு. என்னைப் பார்த்ததும், "எங்க அண்ணன்?" என்றார்.

"அவரு சின்னாளபட்டி போயிருக்காரு."

"இப்பத்தான கூப்ட்டாரு. அந்தக் கேமராவுல. அண்ணன் கொரலு எனக்குத் தெரியாதா?"

சொல்லிக்கொண்டே அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வயர் இறங்குகிற இடத்தைச் சுற்றிக் கெண்டை மீன்கள் ஒவ்வொன்றாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தன. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். துண்டை எடுத்துப் போர்த்திவிட்டு, சாவி எடுத்து வர வீட்டுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோதும் அவர் சுவர் மேல்தான் உட்கார்ந்திருந்தார். பம்ப்செட் ரூம் பூட்டு போட்டபடியே இருந்தது. கிணற்றடியிலிருந்து அதன் கதவு வரைக்கும் சிமென்ட் தரையில் ஈரக் கால் தடம் போயிருந்தது, அண்ணனைத் தேடிப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அதன் மேலேயே மிதித்துப் போனேன், வெயிலில் அது காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து ஃப்யூஸைப் பிடுங்கினேன். வாசலில் கேமராவின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது, இணைப்பு இல்லை என்பதற்கு அடையாளம் அது.

சாயங்காலம் பெரிய மச்சான் வந்து சட்டையைக் கழற்றக்கூட இல்லை, சின்னவர் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் கூடத்துக்குள் நுழைந்தார். சுவர் எழுப்பியதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான். என்னைப் பார்க்கவில்லை, நேராக அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணே, நீ மட்டும் கூப்டலேன்னா இந்நேரம் என்னையத் தூக்கிட்டு வந்திருப்பாக."

பெரிய மச்சான் என்னைப் பார்த்தார். அவர் மண்டபத்தில் பந்தியில் இருந்திருக்கிறார், போன் வண்டிப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது, இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும், ஆனால் அந்த முகத்திலேயே தெரிந்தது அவர் கூப்பிடவில்லை என்று. நான் வாயைத் திறந்தால் முடிந்தது. அவர் இல்லை என்று சொன்னாலும் முடிந்தது.

"சாப்ட்டியாடா?" என்றார் பெரியவர்.

"இல்ல."

"உக்காரு."

பெரியக்கா இலை போட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சின்னக்கா அழுவது கேட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

நான் கிளம்பும்போது பெரிய மச்சான் வண்டிவரை வந்தார். "நல்ல வேல செஞ்சீங்க மாப்ள. எங்கொரல எப்படிக் கொண்டு வந்தீங்கன்னு நான் கேக்க மாட்டேன். அது நீங்கன்னு அவனுக்குத் தெரிய வேணாம்" என்றார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். தம்பி அண்ணன் என்று நினைக்கிறார், அண்ணன் நான் என்று நினைக்கிறார், இரண்டும் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான், இரண்டு வீடும் இப்போது அந்தப் பொய்யின் மேல் நிற்கிறது.

அடுத்த வாரமே போய் குரூப்பிங்கை அழித்தேன், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன், மோட்டார் பெட்டிக்கு மணி தெரிந்தது. ஒட்டுப்போட்ட வயரை அண்ணனும் தம்பியும் சேர்ந்து மாற்றினார்கள். கேமராவை இறக்கிப் பார்த்தேன், என் தொழில் புத்தி விடுமா. உள்ளே பதிவு செய்கிற கார்டு கிடையாது, அதனால் பழைய சத்தம் எதுவும் தானாக ஒலித்திருக்க வழியில்லை. ஸ்பீக்கர் துளையில் குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், கல்லாக இறுகியிருந்தது, பழைய கூடு. என் போனிலிருந்து பேசிப் பார்த்தேன், எறும்பு நகர்கிற அளவுக்குக்கூடச் சத்தம் வரவில்லை. மறுபடி அதை அதே இடத்தில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன், கழற்றி எறிய எனக்குத் தைரியம் இல்லை.

நடுச்சுவரில் வழி விட்டார்கள். மகளுக்குக் காது குத்தினோம், ஒரு காது பெரிய மாமன் மடியில், ஒரு காது சின்ன மாமன் மடியில். செல்வி அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் கல்யாணத்தன்றும் பார்த்ததில்லை. விருந்து முடிந்து எல்லாரும் பந்தலில் கிடந்தபோது யாரோ கிணற்றுக் கதையைக் கேட்டார்கள். என் மகள் புதுத் தோட்டோடு எழுந்து நின்று, அம்மா சொல்லிக் கொடுத்த கட்டைக் குரலில் "மோட்டார் போடப் போறேன்" என்றாள், எல்லாரும் சிரித்தார்கள்.

சின்ன மச்சான் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "அம்புட்டுத்தான் இல்ல பாப்பா. ரெண்டு பேரும் ஏறி வாங்கப்புன்னும் சொன்னாரு பெரிய மாமா. உள்ள இருந்தது நான் ஒருத்தன். பதட்டத்துல அவருக்கு ரெண்டாத் தெரிஞ்சிருக்கு போல" என்றார்.

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள், பெரிய மச்சானைத் தவிர. அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார், அவர் ஏற்கெனவே கழுவியிருந்தார். செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள், சின்ன வயசில் அண்ணன்கள் இருவரும் ஒன்றாகக் கிணற்றில் குதித்துக் குளிப்பார்களாம், அவள் அப்பா அவர்களை மேலே ஏற்றுவது ரெண்டு பேரும் ஏறி வாங்கப்பு என்கிற அந்த வார்த்தையைச் சொல்லித்தானாம். அப்பாதான் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று அழுதாள். நான் அவளை மறுக்கவில்லை. நம்பினால் நம்புங்கள், எனக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளத்தான் ஆசை.

ஆனால் பந்தலில் வைத்தே சின்ன மச்சானிடம் ஒன்று கேட்டிருந்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு நான் சாவி எடுக்கப் போயிருந்த நேரத்தில் பம்ப்செட் ரூம் கதவு வரை போய் வந்தீர்களா என்று கேட்டேன்.

"நானா? கால்ல உசுரே இல்ல மாப்ள. நீங்க வார வரைக்கும் உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கல" என்றார்.

குரல் கூப்பிட்டது இரண்டு பேரை, ஏறி வந்து நான் பார்த்தது ஒருவரைத்தான். அந்தத் தடம் போனதுதான் இருந்தது, திரும்பி வந்த தடம் இல்லை. இப்போது நினைத்தால் அது நன்றாக நினைவுக்கு வருகிறது. கதவு பூட்டியிருந்ததால் அது வாசலோடு நின்றிருந்தது. பூட்டைத் திறந்துவிட்டது நான்தான்.